பென்சிலால் எழுதிய படிவம்

சுவீடனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கை உமக்கு ஆர் இருக்கினம்?" என்பதுதான். ஒருவரும் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். சொந்தக்காரர் இல்லாத ஒரு நாட்டைப் பற்றி ஒரு தமிழ்ப் பெண் ஏன் ஆறு வருடம் படிக்க வேண்டும்? நாங்கள் இருந்த மல்வேர்ன் பகுதியில் மரக்கறிக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர், நான் அந்த நாட்டுக் குடிவரவு ரகசியம் எதையோ மறைக்கிறேன் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். "சொல்லும் தங்கச்சி, அங்கை நிரந்தரமா இருக்கக் கார்ட் குடுக்கினமோ?" என்று வெண்டிக்காயை நிறுத்தபடியே கேட்பார். நான் படிப்பது நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய சனத்தைப் பற்றி என்று விளக்கினால், "அப்ப அவையளுக்குக் கார்ட் தேவைப்படாது" என்று விட்டுவிடுவார்.

அம்மாவின் குறை வேறு. "எங்கடை சனத்தின்ரை வருத்தங்களைப் பற்றி எழுத ஆளில்லாமல் கிடக்கு. நீ வெள்ளைக்காரன்ரை வருத்தத்தைத் தேடிக்கொண்டு திரியிறாய்" என்பார். நான் சிரித்துச் சமாளிப்பேன். உண்மைக் காரணத்தை அவருக்கும் சொன்னதில்லை. எங்கள் ஊரைப் பற்றி ஆராய்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் அழ வேண்டி வரும். சுவீடனைப் பற்றி ஆராயக் கண்ணாடி போட்டால் போதும். என்னுடைய கோழைத்தனத்துக்கு நான் ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

படித்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்திய காலத்தில் சுவீடனில் ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்திலும் இருந்த பாதிரியார் தன் ஊராரை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். யார் பிறந்தது, யார் எந்த வீட்டில் இருப்பது, யாருக்கு வாசிக்கத் தெரியும், யார் என்ன நோயில் செத்தது, எல்லாம். அந்த ஏடுகளின் மைக்ரோபிலிம் சுருள்களைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து சுழற்றிப் பார்ப்பதுதான் என் வேலை. அவற்றுள் ஒரு தனி ஏடு என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரைவிட்டுப் போய், எங்கே என்று தெரியாமற் போனவர்களின் ஏடு அது. கடலுக்குப் போனவன், அமெரிக்காவுக்கு என்று புறப்பட்டவன், சந்தைக்குப் போய்த் திரும்பாதவன். செத்ததற்குச் சாட்சி இல்லாததால் பாதிரியார் அவர்களை இறந்தோர் ஏட்டில் எழுத முடியாது. இருப்பவர்களோடு சேர்த்து வைத்திருக்கவும் முடியாது. அதனால் அவர்களுக்கென்று ஓர் ஏடு. அதன் பெயரைத் தமிழில் 'காணக்கிடையாதோர் ஏடு' என்று சொல்லலாம்.

என் ஆராய்ச்சி அவர்களைப் பற்றியதல்ல, அவர்கள் விட்டுப்போன மனைவிமாரைப் பற்றியது. விதவை என்றால் ஊர் ஏதோ கொஞ்சம் கைகொடுக்கும். காணக்கிடையாதவனின் மனைவிக்கு அந்தப் பெயரும் இல்லை. அந்தப் பெண்களின் உடம்புக்கு என்ன நடந்தது, பிள்ளைகள் எத்தனை வயது வரை இருந்தார்கள், எந்த நோய் முதலில் வீட்டுக்குள் வந்தது என்று ஏடு ஏடாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பென்சில் கதை இங்கேதான் வருகிறது. ஆவணக் காப்பகங்களில் பேனா கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு சொட்டு மை சிந்தினால் பழைய தாள் போனது போனதுதான். ஒரு கோடைகாலம் சுவீடனில் காப்பகம் ஒன்றில் இரண்டு மாதம் இருந்தபோது எனக்குப் பென்சில் கைவந்தது. கடின முனை, கூராகச் சீவியது, எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. திரும்பி வந்த பிறகு சாமான் எழுதும் கடைத்துண்டும் பென்சில், பிறந்தநாள் வாழ்த்து மட்டையும் பென்சில் என்றாகிவிட்டது. வீட்டில் மை உள்ள பேனா ஒன்று தேடினால் கிடைக்காது. அம்மா என்னை நேசறிப் பிள்ளை என்று கேலி செய்வார். எனக்கோ அதில் உள்ளூர ஒரு பெருமை. ஆவணத்தோடு பழகும் ஆட்களின் கை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நானும் அம்மாவும் மல்வேர்னில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஆறாம் மாடியில், வேறொரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஆறு வயது மகளோடு ஓர் அக்கா இருந்தார். சொந்த அக்கா அல்ல, எலிவேற்றரில் அறிமுகமானவர். பாண் தொழிற்சாலையில் காலை வேலை. விடிய முதல் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அம்மா அவளுக்குத் தலை இழுத்து, பாணில் பட்டர் பூசிக் கொடுத்து, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

அக்காவின் கணவர் வன்னியில் இருந்தார். வன்னிக்கான பாதையை இராணுவம் பூட்டுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்பு அக்கா குழந்தையோடு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கனடாவுக்கு வந்து சேர்ந்தார். படுக்கையில் கிடந்த தன் தகப்பனுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று நின்ற கணவர், நின்றதுதான். பாதையைப் பூட்டிவிட்டார்கள். அக்காவும் அவரும் அதன்பிறகு மூன்று வருடமாக ஒருவரையொருவர் தொலைபேசியில்தான் கண்டார்கள்.

அந்த வருடம் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமையோடு அதுவும் நின்றது. மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின. அம்மா மற்ற அன்ரிமாரோடு பஸ்ஸும் சப்வேயும் எடுத்து, ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி நகரத்துக்குள் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்குப் போவார். அவர்கள் நின்ற தெருவுக்கும் என் நூலகத்துக்கும் நடை தூரம்தான். நான் இரண்டு தரம் போய் ஒவ்வொரு மணித்தியாலம் நின்றேன். பிறகு மைக்ரோபிலிம் இயந்திரத்தைப் பதிவு செய்த நேரம் போய்விடும் என்று திரும்பிவிட்டேன். நான் இருந்த அறைக்குள் கோஷம் கேட்காது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

வைகாசி நடுவில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. எங்கள் கட்டடத்தில் அந்த ஒரு கிழமை ஒருவரும் எலிவேற்றருக்குள் கதைக்கவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை அக்கா மேலே வந்தார். கையில் ஒரு மஞ்சள் கவர். காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் படிவம் அதற்குள் இருந்தது. போரில் தப்பி முகாம்களில் இருக்கும் ஆட்களின் பெயர்களோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"தங்கச்சி, உந்தப் போமை நீர்தான் எழுதித்தர வேணும்" என்றார். "நீர் தானே சுவீடனிலை காணாமப் போன ஆக்களைத் தேடுறனீர்."

நான்கு வருடத் தேடலில் நான் ஒருவரைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அவர்கள் எல்லாரும் எப்படியும் செத்து மண்ணாகிப் போனவர்கள். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நான்கு வருடத்தில் முதன்முறையாக ஒருவர் என் படிப்பை ஒரு பயனுள்ள காரியமாக நினைத்து என் வாசலுக்கு வந்திருந்தார். நான் மேசையில் பரப்பியிருந்த சுவீடன் தாள்களை ஒதுக்கிவிட்டு, பென்சிலைச் சீவி எடுத்தேன்.

முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, கடைசியாக இருந்த ஊர். எல்லாவற்றையும் நான் ஆவணம் விசாரிக்கிற மாதிரியே விசாரித்தேன். கடைசியாகக் கண்டவர் யார் என்ற கேள்விக்கு அக்கா மூன்று பெயர் சொன்னார்.

"அவையள் நேரே கண்டவையோ, இல்லாட்டி ஆரும் சொல்லிக் கேட்டவையோ?" என்று கேட்டேன்.

"மூண்டு பேரும் சொல்லிக் கேட்டவைதான்."

"அப்ப அவையளை விடுவம் அக்கா. நேரே கண்ட ஆள்தான் வேணும்."

"அப்ப நான்தான்" என்றார் அக்கா. "மூண்டு வருசத்துக்கு முதல். பஸ்ஸடியிலை. நீலச் சேட்டு."

அடையாளங்கள் என்ற இடத்தில், இடது புருவத்தில் சைக்கிளால் விழுந்த தழும்பு என்று எழுதினேன். அக்கா இன்னும் சொல்லிக்கொண்டே போனார். சோறு தின்னும்போது செத்தல் மிளகாயைக் கடித்துக்கொள்வார், கோபம் வந்தால் கதைக்காமல் கிணற்றடிக்குப் போய் வாளி கழுவுவார். அதற்கெல்லாம் படிவத்தில் இடம் இருக்கவில்லை. நான் எழுதாமல் தலையாட்டினேன்.

"என்ன வடிவான எழுத்து" என்றார் அக்கா. பிறகு, "பென்சிலாலையோ எழுதுறது?" என்று கேட்டார்.

"நாங்கள் எல்லாம் பென்சிலாலைதான் அக்கா எழுதுறது" என்றேன். அந்த 'நாங்கள்' யார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவர் படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருப்பார். என் பென்சிலையே வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கி, கடைசி எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வாடகை வீட்டில் கடிதங்கள் கை மாறிப் போய்விடும் என்பதால் பதில் வர வேண்டிய விலாசமாக எங்கள் விலாசத்தைப் போடச் சொன்னார். "நீர் அனுப்பிவிடும். உம்மிடை இருந்தா எனக்கு நிம்மதி" என்றார்.

படிவம் என்னிடம் பதினொரு நாள் இருந்தது.

சோம்பலால் அல்ல. சோம்பல் என்றாலாவது மனித இயல்பு என்று சொல்லலாம். கணவர் கடைசியாக இருந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். நூலகத்தில் ஒரு பழைய வரைபடம் இருந்தது, அதில் ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். அதே நாட்களில் பேராசிரியருக்கு ஓர் அத்தியாயம் கொடுக்க வேண்டியிருந்தது. என்னோடு பழகிய ஆட்களெல்லாம் நூற்றைம்பது வருடமாகக் காத்துக்கொண்டிருப்பவர்கள். ஒரு நாள் பிந்தினேன் என்று அவர்கள் ஒருபோதும் கேட்டதில்லை. பதினொரு நாள் என்பது எனக்கு ஒரு நேரமாகவே படவில்லை.

அந்தப் பதினொரு நாளும் நான் எதை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் இதில் கேவலம். என் அத்தியாயத்தில் ஒரு பாதிரியார் வருகிறார். புருஷன் திரும்பி வரவில்லை என்று ஒரு பெண் வந்து சொன்னதை அவர் உடனே ஏட்டில் ஏற்றவில்லை. அடுத்த வருடம்தான் ஏற்றினார். 'இந்த அலட்சியம் ஒரு குடும்பத்தின் ஒரு குளிர்காலத்தைப் பறித்தது' என்று எழுதி, அந்த வசனத்தை அழித்து அழித்து மெருகேற்றினேன். அக்காவின் மஞ்சள் கவர் அந்தத் தாள்களுக்குக் கீழேதான் இருந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். என் பல்லி விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் அந்த வசனத்துக்குக் கீழே கோடிட்டு, மிக நன்று என்று எழுதித் திருப்பித் தந்தார். அன்றைக்குப் பின்னேரம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, படிவத்தை எடுத்துப் போய்த் தபாலில் போட்டேன். வரைபடத்தில் ஒத்துப் பார்த்தபோது, ஊரின் பெயரை நான் முதலில் எழுதியதே சரியாக இருந்தது.

ஆடி மாதம் அது திரும்பி வந்தது.

கவரில் அக்காவின் பெயர், எங்கள் விலாசம். அம்மா அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என் மேசையில் வைத்திருந்தார். அவருடைய கடிதத்தை நான் உடைத்திருக்கக் கூடாது. உடைத்தேன். மிகவும் மரியாதையான கடிதம். படிவம் மெல்லிய பென்சிலால் எழுதப்பட்டிருப்பதால் நகலில் எழுத்து விழவில்லை, பெயரையும் ஊரையும் வாசிக்க முடியவில்லை, தயவுசெய்து இத்தோடு இருக்கும் புதிய படிவத்தை மையால் நிரப்பி அனுப்புங்கள் என்று இருந்தது. அவர்கள் எடுத்த நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். கேள்விகள் எல்லாம் அச்சில் கறுப்பாக இருந்தன. பதில் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. புருவத்துத் தழும்பு இருந்த இடத்தில் ஒரு மங்கல் நிழல் மட்டும்.

மூன்று மாடி இறங்கிப் போய், "அக்கா, பிழை விட்டிட்டன்" என்று சொல்ல வேண்டியதுதான் என் கடமை. எலிவேற்றருக்கும் நிற்கத் தேவையில்லை, படியால் போயிருக்கலாம். கதவுவரை போனேன். பென்சிலாலையோ என்று அவர் கேட்டதும், நான் சொன்ன பதிலும் காதுக்குள் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். என் மானம் போகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த நல்ல காரணமும் எனக்கு இருக்கவில்லை.

அம்மாவின் கைப்பையில் ஒரு பேனா கிடைத்தது. புதிய படிவத்தை மையால் நிரப்பினேன். கையெழுத்து வேண்டிய இடம் வந்தது. பழைய படிவத்தை யன்னல் கண்ணாடியில் வைத்து, அதற்கு மேலே புதியதை வைத்து, வெளிச்சத்தில் தெரிந்த அக்காவின் கையெழுத்தின் மேல் பேனாவை ஓட்டினேன். ஆவணங்களைப் படிக்கிற ஒருத்தி செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதை நான் வெட்ட வெளிச்சத்தில், மிகக் கவனமாக, வால் இறங்கிய இடத்தில் இறக்கி, செய்து முடித்தேன். அன்றே தபாலில் போட்டேன். அந்த முறை பதினொரு நாள் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளுடைய உடுப்புக் கூடையோடு உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போகிற வழியில் அக்கா எங்கள் கதவைத் தட்டுவார்.

"கடிதம் ஏதும் வந்ததோ தங்கச்சி?"

"இன்னும் இல்லை அக்கா."

"ஓம், நிறையப் பேர் எழுதியிருப்பினம். ஆறுதலாத்தான் வரும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். அம்மா குசினிக்குள் இருந்து என்னைப் பார்ப்பார். அந்தத் திரும்பி வந்த கவரை அவர்தானே கொண்டுவந்து வைத்தவர். ஒரு நாள், "பிள்ளை, அந்தக் கவர் என்னெண்டு அவளிட்டைச் சொன்னனியோ?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அம்மாவுக்குச் சொன்ன பொய், அக்காவுக்குச் சொன்ன பொய், இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சுவீடன் பாதிரியாரின் நேர்மையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

இலை உதிர்கிற காலத்தில் அக்காவுக்கு ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. முகாமிலிருந்து வெளியே விடப்பட்ட ஒரு பெண், அவர்களுடைய பழைய அயலவர். அக்கா நேரே எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"ஆனி மாசம் கண்டவவாம். மருந்து எடுக்கிற வரிசையிலை, காலிலை கட்டோடை நிண்டவராம். பேர் சொல்லிக் கூப்பிட்டவவாம், திரும்பிப் பார்த்தவராம்."

"பிறகு?" என்று அம்மா கேட்டார்.

"பேந்து ஆடி மாசம் அவையளை வேறை பக்கம் மாத்தினதாம். அதோடை காணேல்லையாம்." அக்கா என் பக்கம் திரும்பினார். "நேரே கண்ட ஆள் தங்கச்சி. சொல்லிக் கேட்டது இல்லை."

ஆனி மாதம். வாசிக்கக்கூடிய ஒரு படிவம் ஆனி மாதத்தில் யாரோ ஒருவரின் கையில் இருந்திருந்தால், அவர் பெயரை யாரோ ஒருவர் அந்த வரிசையில் தேடியிருக்கலாம். தேடாமலும் விட்டிருக்கலாம். தேடியும் காணாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, ஒருபோதும் தெரியப் போவதுமில்லை. ஆனி மாதத்தில் அவருடைய பெயர் யாராலும் வாசிக்க முடியாத எழுத்தில் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

மார்கழியில் பதில் வந்தது. இந்த முறை கவரை உடைக்காமல் கொடுத்தேன். அக்கா எங்கள் மேசையிலேயே இருந்து திறந்தார். எந்தத் தகவலும் கிடைக்கவில்லை, தேடுதல் கோப்பு மூடப்படாமல் இருக்கும் என்று எழுதியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். பின்னால் படிவத்தின் நகல் ஒன்றும் இருந்தது. அக்கா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "அன்ரி, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

நான் ஆய்வேட்டை முடித்தேன். பாதிரியாரைப் பற்றிய அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். "அத்தியாயத்திலேயே நல்ல வசனம் அதுதானே, ஏன் எடுத்தாய்?" என்று பேராசிரியர் கேட்டார். ஆதாரம் போதவில்லை என்றேன். அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அந்த மனிதருக்கு அன்றைக்கு என்ன வேலை இருந்ததோ, மேசையில் வேறு எந்தத் தாள் மேலே கிடந்ததோ.

அக்கா நகரத்துக்கு வெளியே அஜக்ஸ் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றை, நிலக்கீழ்த் தளத்தை, வாடகைக்கு எடுத்துப் போனார். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், "தங்கச்சி, சிற்றிசன் போம் ஒண்டு நிரப்ப வேணும், வாறீரோ?" என்று கூப்பிட்டார். குடியுரிமைப் படிவம் என்றதும் நான் ரயில் எடுத்துப் போனேன். அப்போதெல்லாம் என் பையில் எப்பொழுதும் மூன்று பேனா இருக்கும். பென்சிலைக் காப்பகத்துக்கு வெளியே நான் தொடுவதில்லை.

மகள் வளர்ந்து, அக்காவின் உயரத்துக்கு வந்திருந்தாள். எனக்குச் சோடா கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே வீட்டுக்காரரின் பிள்ளைகளிடம் போய்விட்டாள். நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். பெயர், விலாசம், வேலை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் அக்கா விரலை வைத்தார்.

"உதிலை நான் எது?"

கலியாணம் செய்தவர், செய்யாதவர், பிரிந்தவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். என் ஆய்வேடு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. பேனாவைக் கட்டங்களுக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா எழுந்து போய் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வந்தார். நுனி கடிபட்ட மஞ்சள் பென்சில். அதை என் முன்னால் வைத்தார்.

"முதல் உதாலை போடும்" என்றார். "பேந்து நான் மையாலை போடுறன். என்ரை கையாலை."

பென்சிலைத் தொடாமல் பேனாவை மேசையில் வைத்தேன். "அக்கா, நான் உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்."

"தெரியும்."

அவர் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மார்கழியிலை வந்த கடிதத்தோடை அந்தப் போமின்ரை கொப்பி ஒண்டும் வந்தது. எல்லாம் மையாலை கிடந்தது. நான் அண்டைக்குக் கையெழுத்துப் போட்டது உம்மடை பென்சிலாலை." அக்கா சோடாப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு என்ரை கை நடுங்கினது. அந்த நடுக்கத்தையும் நீர் பார்த்துக் கீறியிருந்தீர்."

"ஏன் அக்கா அப்பவே கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீர் வெக்கத்திலை பிறகு வந்திருக்கமாட்டீர். எனக்கு எழுதித்தர உம்மை விட்டா ஆர் இருந்தது?"

இத்தனை வருடம் அவர் என்னை நம்பினார் என்று நான் வெட்கப்பட்டிருந்தேன். அவர் நம்பவில்லை. வேறு வழி இல்லாமல் வைத்திருந்தார். கிடைத்த இடைவெளியில் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம் வந்தது. படிவம் திரும்பி வந்ததை, கதவுவரை போய்த் திரும்பியதை, வரைபடத்தை, அத்தியாயத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு நாளையும் சொன்னேன்.

"பதினொரு நாளோ?" என்றார் அக்கா.

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அந்தக் கணமே நினைத்தேன். என் நெஞ்சுப் பாரத்தை இறக்கப் போய் அவர் தலையில் இறக்கிவிட்டேன்.

"அவர் ஆனியிலை அங்கை நிண்டவர்" என்றார் மெதுவாக.

"ஓம் அக்கா."

மேலே மகள் நடமாடும் சத்தம் கேட்டது. அக்கா கூரையைப் பார்த்துவிட்டு, படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறகு என் பக்கமே திருப்பித் தள்ளினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நான் எதிர்பார்த்ததுதான் பிழை.

"கலியாணம் செய்தவர் எண்டதிலை போடும்" என்றார்.

பென்சிலால் மெல்லிய ஒரு புள்ளடி போட்டேன். அக்கா என் பேனாவை வாங்கி, அதற்கு மேலே அழுத்திப் போட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் தானே புரட்டி, கையெழுத்துக்கான கோட்டைத் தேடி எடுத்தார். எழுத்து எழுத்தாக, ஆறுதலாக, தன் பெயரை எழுதினார். கை நடுங்கவில்லை. கடைசி எழுத்தின் வால் கோட்டுக்கு மேலேயே நின்றது.

"பாரும்" என்றார், தாளை என் பக்கம் திருப்பி. "நான் இப்பிடித்தான் போடுறனான்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.